கடை, வீடு, உயில்: சொந்தத் தொழில் செய்யும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பனியன் கம்பெனி, மளிகை மொத்த வியாபாரம், லேத் பட்டறை, அரிசி ஆலை என்று சொந்தத் தொழிலில் இருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்கு எழுதும் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்விகள் வாரம் தவறாமல் காதில் விழும். பதில்கள் பெரும்பாலும் இந்து வாரிசு உரிமைச் சட்டத்துக்குள் வருபவர்களுக்கானவை. மற்றவர்களுக்குக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பத்திரங்களைப் படித்துப் பார்க்கிற வக்கீல்தான் கடைசி வார்த்தை சொல்ல முடியும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

எனக்கு 58 வயது. கடைதான் என் பென்ஷன். தனியாக எதற்குச் சேமிக்க வேண்டும்?

சம்பளக்காரருக்கு மாதாமாதம் பி.எஃப். பிடித்துவிடுகிறார்கள். உங்களுக்குப் பிடித்து வைக்க ஆள் இல்லை. முப்பது வருட லாபம் சரக்காகவும், மெஷினாகவும், வசூலாகாத பாக்கியாகவும் கிடக்கும். ஐந்தொகையில் இரண்டு கோடி என்று இருக்கும்; ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டால் புரட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கடையை மகனிடம் விட்ட பிறகு மாதச் செலவுக்கு அவரிடம்தான் கேட்க வேண்டும். மகன் தங்கமானவராகவே இருக்கலாம். ஆனால் நூல் பில்லுக்கும் ஆட்கள் சம்பளத்துக்கும் ஒரே வாரத்தில் பணம் கட்ட வேண்டியவருக்கு, அப்பாவின் வீட்டுச் செலவு அடுத்த வாரத்துக்குத்தான் தள்ளிப் போகும்.

நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: நிர்வாகத்தைக் கொடுங்கள், கட்டடத்தைக் கொடுக்காதீர்கள். கடையோ குடோனோ உங்கள் பெயரில் இருந்தால், தொழிலை மகனோ மகளோ நடத்தட்டும்; தொழிலிலிருந்து உங்களுக்கு மாத வாடகை முறையான ஒப்பந்தத்தோடு வங்கிக் கணக்குக்கு வரட்டும். அவர்களுக்கு அது தொழில் செலவு, உங்களுக்கு வருமானம். கை நீட்டுகிற பேச்சே இல்லை.

எவ்வளவு இருந்தால் போதும்?

இன்றைய வீட்டுச் செலவிலிருந்து தொடங்குங்கள். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். இன்று 50,000 ரூபாயில் ஓடும் வீட்டுக்கு 70 வயதில் ஒரு லட்சம், 82 வயதில் இரண்டு லட்சம் வேண்டும். உங்களைவிட மனைவிக்கு ஐந்தாறு வயது குறைவென்றால், கணக்கை அவருடைய ஆயுளுக்குப் போடுங்கள். இதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள்.

60 வயது தாண்டியவர்களுக்கு அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் இருக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். கணவன் மனைவி இருவருக்கும் வயதாகிவிட்டால் தனித்தனியாக 30. வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். போடும் நாளில் என்ன விகிதமோ அதுவே ஐந்து வருடத்துக்கும். 8.2 சதவீதத்தில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய். வட்டிக்கு வரி உண்டு. வட்டி ஏறாது, செலவு ஏறும் என்பதால் மொத்தத்தையும் இதிலேயே முடக்க வேண்டாம்.

சொத்தை இப்போதே பிள்ளைகள் பெயருக்கு எழுதிவிடலாமா, உயில் போதுமா?

இப்போதே எழுதுவது என்றால் நம் ஊரில் செட்டில்மென்ட் பத்திரம். நெருங்கிய குடும்பத்துக்குள் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையிலிருந்து இந்த உச்சவரம்பு. கோடி ரூபாய் வீட்டுக்கும் 50,000 ரூபாயில் வேலை முடிந்துவிடுகிறது என்பதால், "செலவு கம்மிதானே, எழுதிடலாம்" என்று கிளம்பி வருகிறார்கள்.

செலவு கம்மிதான். ஆனால் உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், செட்டில்மென்ட் பதிவானால் போனது போனதுதான். "இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியதைகளுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்ற வரிக்குக் கீழே நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். அதன் பிறகு அந்த வீட்டை மகன் விற்கலாம், அடமானம் வைக்கலாம். அவருடைய தொழில் கடனுக்கு வங்கி அதைக் கைப்பற்றலாம். மகன் உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால் அந்தச் சொத்து அவருடைய மனைவி, பிள்ளைகள், தாய் என்று பிரியும். அப்பாவான உங்களுக்கு முதல் வரிசையில் இடமே கிடையாது.

அப்படியும் இப்போதே கொடுக்கத்தான் வேண்டும் என்றால், குடியிருக்கும் வீட்டில் உங்கள் இருவரின் ஆயுள் வரை அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் தெளிவாகச் சேருங்கள். பத்திரம் எழுதுபவர் "குடும்பத்துக்குள்ளதானே" என்று அச்சடித்த மாதிரியையே நீட்டுவார். அதை வரிக்கு வரி படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கியில் ஓ.டி., சி.சி. என்று தொழிலுக்கு எடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாக இருந்தால், வங்கியின் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்ய வேண்டாம்.

குடியிருக்கும் வீடு உயிலில் இருக்கட்டும், உபரிச் சொத்தை வேண்டுமானால் செட்டில்மென்ட் கொடுங்கள் என்பதே என் எண்ணம்.

எழுதிக் கொடுத்துவிட்டோம். பிள்ளை கவனிப்பதில்லை. திரும்ப வாங்க முடியுமா?

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. பராமரிப்பேன் என்ற நிபந்தனையில் வாங்கிவிட்டுப் பராமரிக்கவில்லை என்றால் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். மனுவை வருவாய்க் கோட்ட அலுவலர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும், அதாவது ஆர்.டி.ஓ. அலுவலகம். நிபந்தனை பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டுமா என்பதில் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை நிரூபிக்கப்பட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகவே இந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்றது. ஒரு வரி எழுதியிருந்தால் இந்த வாதமே வராது.

உயில் எழுதாமல் போய்விட்டால் எல்லாம் மனைவிக்குத்தானே?

இல்லை. பலருக்கு அதிர்ச்சி தரும் பதில் இது. இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொந்தச் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் எல்லோருக்கும் சமமாகப் பிரியும். மனைவி, இரண்டு பிள்ளைகள், 80 வயது அம்மா இருந்தால் ஆளுக்குக் கால் பங்கு. பிறகு அந்த அம்மா காலமானால், அவருடைய கால் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அதாவது உங்கள் கடையில் உங்கள் அண்ணனுக்கும் தங்கைக்கும் பங்கு வந்துவிடும்.

பெண்களின் நிலை இன்னும் சிக்கல். குழந்தையில்லாத விதவை தானே சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் இல்லாவிட்டால் முதலில் கணவனின் வாரிசுகளுக்குப் போகும்; பெற்ற தாய் தந்தை அதற்குப் பிறகுதான். அப்பா அம்மாவிடமிருந்து வந்த சொத்து மட்டும் அப்பா வழி வாரிசுகளுக்குத் திரும்பும். ஆகவே மனைவி பெயரில் வீடோ கம்பெனியோ இருந்தால் அவரும் தனியாக ஓர் உயில் எழுத வேண்டும். கணவன் எழுதினால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள்.

சிறு வயதுப் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு சங்கடம். மைனருக்கு வந்த வீட்டையோ நிலத்தையோ பெற்ற தாயே ஆனாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது.

மகளுக்கு நகை போட்டு, சீர் செய்து கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பங்கு கேட்க முடியுமா?

முடியும். நகையும் சீரும் பங்கில் கழியாது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் திருமணமாகாத மகளுக்குத் தமிழ்நாடு 1989-லேயே உரிமை கொடுத்தது. மத்தியச் சட்டம் 2005 செப்டம்பர் 9 முதல் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்து முடித்திருந்தால் அது நிற்கும்.

அப்பா உயிரோடு இருக்கும்போதே மகளிடம் "வரப்போகும் பங்கு வேண்டாம்" என்று விடுதலைப் பத்திரம் வாங்கி வைப்பதையும் பார்க்கிறேன். அப்பாவின் சொந்தச் சொத்தில் அவர் இருக்கும்வரை மகளுக்கு உரிமையே பிறக்கவில்லை. பிறக்காத உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. அந்தக் காகிதத்தை நம்பி இருக்காதீர்கள், உயில் எழுதுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறான எண்ணம் ஒன்றும் உண்டு: "தாத்தா சொத்து பேரனுக்கு". தாத்தா தானே வாங்கிய சொத்து, அவர் 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச் சொத்து. பேரன் வழக்குப் போடலாம், பங்கு வராது.

எல்லாவற்றுக்கும் நாமினி போட்டுவிட்டேன். அப்புறம் உயில் எதற்கு?

நாமினி பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் கை, சொந்தக்காரர் வாரிசு. வங்கி டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட், ஷேர் எல்லாவற்றுக்கும் இதுதான். ஷேர் விஷயத்தில் இருந்த சந்தேகத்தையும் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்த்துவிட்டது. ஆயுள் காப்பீடு மட்டும் சற்று வேறு. 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம்.

2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், சதவீதமும் குறிக்கலாம். அந்தச் சதவீதமும் உயிலும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகட்டும். கல்யாணத்துக்கு முன் ஆரம்பித்த பழைய கணக்குகளில் இன்னும் அம்மா பெயர் இருக்கும். ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கடை என் ஒருவன் பெயரில் இருக்கிறது. நான் இல்லாவிட்டால் அடுத்த நாள் என்ன ஆகும்?

இதைத்தான் நிறையப் பேர் கேட்காமல் விடுகிறார்கள். தனி உடைமையாளர் இறந்தால் சட்டப்படி தொழிலும் அவரும் ஒன்று. கரன்ட் அக்கவுண்ட் முடங்கும். கொடுத்து வைத்த செக்குகள் திரும்பும். ஜிஎஸ்டி, பான் இரண்டும் இறந்தவர் பெயரில். வங்கிக்கும் ஜிஎஸ்டி தளத்துக்கும் ஓடிபி அப்பாவின் போனுக்குத்தான் வரும். அந்த போனைத் திறக்கவே பல வீடுகளில் தெரிவதில்லை. லாரியில் சரக்கு ஏறி நிற்கும், இ-வே பில் போட ஆள் இருக்காது. இந்த நேரத்தில் இறந்தவரின் ஜிஎஸ்டி எண்ணிலேயே பில் போட்டு ஓட்டுவது சகஜம். அது தப்பு, பின்னால் தலைவலி.

முறை என்னவென்றால், வாரிசு புதிதாக ஜிஎஸ்டி பதிவு வாங்க வேண்டும். பழைய பதிவில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியில் இன்னும் கழிக்காத மீதியை) ஐடிசி-02 படிவத்தில் மாற்றிக்கொண்டு பழையதை ரத்து செய்ய வேண்டும். தொழிலைத் தொடர்ந்து நடத்தும் வாரிசுக்குப் பழைய ஜிஎஸ்டி பாக்கியும் சேர்ந்தே வரும்.

இதைத் தவிர்க்க, நடத்தப் போகும் பிள்ளையைச் சேர்த்து இப்போதே கூட்டு வணிகமாகவோ, எல்எல்பி (கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) அல்லது பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவோ மாற்றிவிடலாம். கூட்டு வணிகத்தில் ஒரு கண்ணி உண்டு. 1932 கூட்டு வணிகச் சட்டப்படி ஒரு கூட்டாளி இறந்தால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரை ஃபர்ம் கலைந்துவிடும். எழுதியிருந்தாலும், இருப்பதே இரண்டு பேர் என்றால் ஒருவர் போனதும் கூட்டு ஏது? மூன்றாவதாக ஒருவரை, மனைவியையோ மகளையோ, சிறு பங்குக்காவது சேர்த்து வையுங்கள். இறந்தவர் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் குடும்பத்துக்குக் கொடுப்பது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கம்பெனியாக இருந்தால் ஷேர் வாரிசுக்கு வரும், டைரக்டர் பதவி வராது.

மாற்றும்போது மறந்துவிடும் சில்லறை விஷயங்கள்தான் பின்னால் இழுக்கும்: ஈபி இணைப்பு, ஃபேக்டரி லைசென்ஸ், சாயப்பட்டறை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, டிரேட் மார்க், வாடகைக் கட்டடமாக இருந்தால் அட்வான்ஸ் ரசீது. இவை எல்லாம் யார் பெயரில் என்று பாருங்கள்.

ஒரு மகன் தொழிலில், இன்னொருவர் அமெரிக்காவில், மகள் சென்னையில் வேலையில். சமமாகப் பிரிக்கலாமா?

சமமாகப் பிரிப்பதும் நியாயமாகப் பிரிப்பதும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. தொழிலை மூன்றாக வெட்டினால், உழைப்பவர் ஒருவர், லாபத்தில் கை வைப்பவர்கள் மூவர். பத்து வருடத்தில் பேச்சுவார்த்தை நின்றுவிடும். தொழிலை அதில் இருப்பவருக்குக் கொடுத்து, வீடு, மனை, டெபாசிட் ஆகியவற்றைக் கொண்டு மற்றவர்களுக்குச் சரிக்கட்டுவது நல்லது. போதவில்லையென்றால் தொழிலை எடுப்பவர் இன்ன தொகையை இத்தனை வருடத்தில் மற்ற இருவருக்கும் தர வேண்டும் என்று உயிலிலேயே எழுதலாம். தொழிலோடு அதன் கடனும் அவருக்கே என்றும் எழுதுங்கள். பதினைந்து வருடம் சம்பளமில்லாமல் கடையில் நின்றவரின் உழைப்புக்கு ஒரு மதிப்புப் போடுவதும் நியாயம்தான், ஆனால் அதை உயிரோடு இருக்கும்போது எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். உயிலைப் பிரித்துப் படிக்கும்போது முதன்முறையாகத் தெரிந்தால் கோர்ட்தான்.

வெளிநாட்டில் இருப்பவர் இங்கே விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, ஆனால் வாரிசாகப் பெறலாம். தோட்டத்தை உயிலில் அவருக்கு எழுதலாமா என்று தயங்க வேண்டாம்.

என் தொழில் கடனைப் பிள்ளைகள் கட்ட வேண்டுமா?

வாரிசாக வந்த சொத்தின் அளவுக்கு மட்டும். அவர்களுடைய சொந்தச் சம்பாத்தியத்தைத் தொட முடியாது, அவர்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாத வரை. ஆனால் வங்கிகள் பிள்ளைகளிடமும் மனைவியிடமும் ஜாமீன் வாங்கியிருக்கும், அதை எடுத்துப் பாருங்கள்.

தொழிலில் கடன் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம். அதன் கீழ் மனைவி, பிள்ளைகள் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்தால் அந்தப் பணத்தில் கடன்காரர்கள் கை வைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே சொல்ல வேண்டும். பிறகு நீங்களும் அதில் கடன் வாங்கவோ பயனாளியை மாற்றவோ முடியாது. அதுதான் அதன் பலமும்.

உயில் எப்படி எழுதுவது? முத்திரைத்தாள் வேண்டுமா?

வேண்டாம். வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்துப் போட, குறைந்தது இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகள் உங்களைவிட வயதில் குறைந்தவர்களாகவும், உள்ளூரிலேயே இருப்பவர்களாகவும், உயிலில் பங்கு இல்லாதவர்களாகவும் இருக்கட்டும். சர்வே எண், சக்குபந்தியோடு (நான்கு பக்க எல்லைகளோடு) சொத்தைக் குறியுங்கள். "இதில் விடுபட்டவையும் இனி வருபவையும்" யாருக்கு என்று ஒரு வரி அவசியம். யாரையாவது விலக்கினால் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். எழுதியதை நிறைவேற்ற ஒருவரை நியமியுங்கள்.

பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள். பதிவு செய்தாலும் பிறகு எழுதிய பதிவில்லாத உயில் முந்தையதை ரத்து செய்யும். கடைசி உயில்தான் செல்லும். 75 வயதுக்கு மேல் எழுதினால் அன்றைய தேதியில் டாக்டர் சான்றும் வாங்கி வைப்பது நல்லது.

சென்னை நகரச் சொத்துக்கு உயிலை நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் உறுதி செய்வது) செய்தே ஆக வேண்டும் என்ற நிலை நீண்ட காலம் இருந்தது. அதற்கான இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆவது பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. தகராறு வரும் என்று தெரிந்த குடும்பங்கள் இப்போதும் புரொபேட் வாங்கிக்கொள்ளலாம்.

மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது போதாதா?

நீங்கள் கண்ணை மூடிய நிமிடம் பவர் முடிந்துவிடும். அதன் பிறகு அதை வைத்து விற்றால் செல்லாது.

வாரிசுச் சான்றிதழும் நீதிமன்றச் சான்றிதழும் ஒன்றா?

தாசில்தார் தருவது யார் யார் வாரிசு என்பதைச் சொல்லும். பட்டா மாற்ற, பி.எஃப். வாங்க உதவும். நாமினி இல்லாத பெரிய டெபாசிட், ஷேர், வரவேண்டிய கடன் ஆகியவற்றுக்கு நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்குச் செலவும் காலமும் பிடிக்கும்.

வாரிசுச் சொத்துக்கு வரி உண்டா?

இந்தியாவில் 1985-லேயே எஸ்டேட் வரியை எடுத்துவிட்டார்கள். பெறும்போது வரி இல்லை. விற்கும்போது அப்பா வாங்கிய விலையை அடிப்படையாக வைத்து மூலதன ஆதாய வரி வரும், ஆகவே அவர் வாங்கிய பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

நாங்கள் இஸ்லாமியர் அல்லது கிறிஸ்தவர் என்றால்?

இஸ்லாமியர் கடனும் இறுதிச் சடங்குச் செலவும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே உயில் எழுத முடியும். அதற்கு மேல் என்றால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். உயிரோடு இருக்கும்போது ஹிபாவாக, அதாவது தானமாகக் கொடுக்கலாம், சுவாதீனத்தையும் உடனே ஒப்படைக்க வேண்டும். கிறிஸ்தவருக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம்: உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. உயிலில் பங்கு பெறுபவர் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டால், கிறிஸ்தவர் விஷயத்தில் அந்தப் பங்கே செல்லாமல் போகும்.

உயிலையும் காகிதங்களையும் எங்கே வைப்பது?

உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும் லாக்கரில் வேண்டாம்; அதைத் திறப்பதற்கே வாரிசுச் சான்று கேட்பார்கள். அசல் நம்பிக்கையான ஒருவரிடமோ வீட்டு பீரோவிலோ இருக்கட்டும், எங்கே என்று இரண்டு பேருக்குத் தெரியட்டும். மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் வைக்கும் வசதியும் உண்டு.

கூடவே ஒரு நோட்டு போடுங்கள். பத்திரங்கள், வங்கிக் கணக்குகள், பாலிசிகள், டீமேட், சீட்டு, நகைக்கடன், ஆடிட்டரின் எண், போனைத் திறக்கும் எண். கைமாத்தாகக் கொடுத்ததும் வாங்கியதும் ஆள் பெயர், தேதியோடு அதில் இருக்கட்டும். புரோநோட்டுக்கு மூன்று வருடம்தான் ஆயுள், அதனால் வருடம் ஒருமுறை புதுக்கணக்குப் போடும் நாளில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது சரிபார்த்துத் திருத்தி வையுங்கள்.